இரண்டு மணிக்கொருமுறை

பத்தரைக்குப் பிலோமியை இடப்பக்கம் புரட்டினேன்.
முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே
நாலாய் மடித்த பழைய சேலை,
உதட்டுக்கு எட்டும்படி குழாய் போட்ட டம்ளர்.
சாவி எதிர்வீட்டு நஸீமாவிடம்.
பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவேன் என்றேன்.
"நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்" என்றாள் பிலோமி,
சுவரைப் பார்த்தபடி.

லிங்கராஜபுரம் வார்டு ஆபீஸ், முதல் மாடி.
சக்கர நாற்காலி ஏற வழி கிடையாது.
படிக்கட்டின் மேல் பேனர்.
முப்பது வருஷத்தில் எழுத்துக்கூட்டும் அளவுக்குக்
கன்னடம் வந்திருக்கிறது:
ஆ-ரை-கெ-தா-ர-ரு.
ஆரைகெ என்றால் கவனித்துப் பார்த்துக்கொள்வது.
அதைச் செய்கிறவருக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது
ஒன்பது வருஷம் செய்தபிறகு
இன்றைக்குத்தான் தெரிந்தது.

அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஏழு பேர்.
அதில் நாலு பேர் டெண்டருக்கு வந்த கம்பெனிக்காரர்கள்,
கழுத்தில் நீல நாடா.
ஒருத்தி மகனையும் கூட்டி வந்திருந்தாள்.
மீசை முளைத்த பையன்.
ஃபேன் சுற்றினால் கைதட்டுவான், நின்றால் அழுவான்.
கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
அவனையும் எண்ணுவதா என்று
பதிவேட்டுக்காரர் பேனாவை எடுத்து, வைத்து, எடுத்தார்.
இன்னொருவர் வந்து உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.
ஒருவேளை வந்ததே அதற்காக இருக்கலாம்.
நாங்கள் எழுப்பவில்லை.

மற்றவர்கள் ஏன் வரவில்லை, அதிகாரி கேட்டார்.
"விளம்பரம் பத்தலை சார்."

பதினொன்றுக்குச் சொன்ன கூட்டம் பதினொன்று ஐம்பதுக்கு.
திரையில் கட்டங்கள் வந்தன.
வாரத்துக்கு நாலு மணி நேரம் மாற்று ஆள் வருவார்.
மணிக்கு இவ்வளவு என்று கம்பெனிகள் விலை போடும்,
குறைத்துப் போட்டவருக்கு வேலை.

நானும் கொட்டேஷன் எழுதியவன்தான்.
சிவாஜி நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன்.
கேட் என்றால் கிலோவுக்கு, கிரில் என்றால் சதுர அடிக்கு.
பழக்கதோஷம், மனசுக்குள் எழுதினேன்:
புரட்டுவது, தடவை ஒன்றுக்கு.
ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் தனி ரேட்.
மூத்திரப் பை மாற்றுவது.
புண் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது.
அவள் கத்தும்போது
வெளியே போய்விடாமல் அங்கேயே நிற்பது
(இதற்கு என்ன அளவு? கிலோவா? அடியா?)
விலை தெரியாத வேலையைப் பட்டறையில்
"அதையும் சேர்த்துத்தான்" என்று விட்டுவிடுவோம்.

பன்னிரண்டு பதினைந்து. எழுந்தேன்.
அதே நொடியில் அதிகாரி,
"ஏனாதரூ ஹேளோதிதெயா?"
ஏதாவது சொல்ல இருக்கிறதா?
நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்.
இருந்தது.
ஆரம்பித்தால் பன்னிரண்டரை தாண்டும்.
"டைம் ஆய்து சார்" என்றேன்.
அவர் தன் வாட்ச்சைப் பார்த்துச் சிரித்தார்.
கூட்டத்தை நேரத்துக்கு முடிக்க உதவியதாக
எனக்கு நன்றி சொன்னார்.

படியிறங்கும்போது மைக்கில் கேட்டது:
ஆட்சேபணை எதுவும் இல்லை.

பத்து நிமிஷம் தாமதம்.
நஸீமா தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்தபடி
தனியாகப் புரட்டப் பயமாக இருந்தது என்றாள்.
இடுப்பெலும்பின் மேல் சிவப்பு.
விரலால் அழுத்தினேன்.
வெளுத்தது, மெல்லத் திரும்பச் சிவந்தது.
பரவாயில்லை. இன்றைக்குப் பரவாயில்லை.

"என்ன கொடுத்தாங்க?"
சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்:
டிஷ்யூவில் இரண்டு கிரீம் பிஸ்கட், ஒன்று உடைந்தது.
"என்னைப் பத்திப் பேசினாங்களா?"
நீ பயனாளி.
"நீ?"
சொன்னேன். வாய்க்குள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.
"பெரிய உத்தியோகமாத்தான் இருக்கு.
சம்பளம் வந்தா சொல்லு."

ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு.
ஒன்று, இரண்டு, மூன்று.
வலப்பக்கம் படுத்தால் ஜன்னல் தெரியும்.
உடையாத பிஸ்கட்டை அவளுக்கு ஊட்டிவிட்டு
ஃபோனில் வைத்தேன்
இரண்டு நாற்பதுக்கு அலாரம்.