கனமானது, லேசானது

பெட்டியில் வந்த தராசு
வரும்போதே ஒரு கை ஒடிந்து வந்தது.
கூட வந்த கையேட்டில்
மூன்றாம் வாரம், பக்கம் நாற்பத்தொன்று:
குழந்தைகள் தாமே தொட்டு, தூக்கி, எடைபோட்டு அறியட்டும்.
ஆசிரியர் விடை சொல்லக் கூடாது.

சொல்லாமல் இருப்பது எனக்குப் புதுசு.
பன்னிரண்டு வருஷமாகச்
சொல்லிச் சொல்லித்தான் சம்பளம்.

தெய்வாத்தாள் அக்கா
கதவுக்குப் பின்னாலிருந்து எக்ஸ்போர்ட் ஹேங்கர் ஒன்றை எடுத்து வந்தார்.
இரண்டு முனையிலும் தேங்காய்த் தொட்டி,
கட்டுவதற்குக் கோன் நூல்.
ஜன்னல் கம்பியில் மாட்டியதும் இடப்பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கம் பபிள்கம் ஒட்டிச் சரிசெய்தான் நித்திலன்.
யாருடைய பபிள்கம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெயர் பதினைந்து வேலம்பாளையம்.
முதல் பருவப் பாடம் பத்தோடு நிற்கிறது.
சொந்த ஊருக்குப் போய்ச் சேர
இன்னும் ஐந்து இருக்கிறது எங்களுக்கு.

அரை, கால் எல்லாம் பெரிய வகுப்பில்தான்.
ஆனால் ரிதன்யா வந்ததும் சொல்கிறாள்,
"எங்கம்மா இன்னைக்கு ஒண்ணரை ஷிப்ட்டுங் மிஸ்."
ஒண்ணரைன்னா எவ்வளவு கண்ணு?
"நான் தூங்குனதுக்கப்பறம் வர்றதுங்."
கையேட்டின் ஓரத்தில் அதைக் குறித்துவைத்தேன்.

ஒரு தொட்டியில் கட்டிங் வேஸ்ட்,
மயில்நீலம், வழிய வழிய.
மறு தொட்டியில் ஒரு பிடி பட்டன்.
எது கீழே போகும்?
எல்லா விரலும் துணியைக் காட்டின.
பட்டன் இறங்கியது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு சர்வேஷ்:
"மிஸ், பட்டன் ஏமாத்துது."
மறுபடி போட்டோம். மறுபடி ஏமாற்றியது.
இடம் மாற்றிப் போட்டோம். அப்போதும்.
விடை என் நாக்கு நுனியில் நின்றது.
தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினேன்.

அப்புறம் கையில் அகப்பட்டதெல்லாம் தராசுக்குப் போனது.
வேப்பங்காய், பாதி முறுக்கு, என் சாவிக்கொத்து,
காகிதத்தில் மடித்த லோகித்தின் முதல் பல்,
ஒரு கட்டெறும்பு.
எறும்பு நிற்கவில்லை,
நூல் வழியே ஏறி ஹேங்கருக்குப் போய்விட்டது.

ரஷ்மிதா நாயக்
ஜூனில் பலாங்கிரிலிருந்து ரயிலேறி வந்தவள்.
இதுவரை எங்களிடம் அவள் சொன்ன ஒரே தமிழ்ச் சொல்
"ஒண்ணுக்கு."
அவள் முறை வந்தபோது கையில் எதுவும் இல்லை.
அந்தக் கையையே ஒரு தொட்டியில் வைத்தாள்.
மறு தொட்டியில் ஒற்றைப் பட்டன்.

கைதான் கனம் என்று
கேட்பதற்கு முன்பே கத்திவிட்டார்கள்.

அவள் மூச்சைப் பிடித்தாள்.
கையைத் தன்னிடமே
கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டாள்.
தொடுகிறதா இல்லையா என்னும் அளவுக்கு.
பட்டன் இருந்த தொட்டி
ஆடியது, யோசித்தது,
இறங்கியது.

"இன்னொருக்கா" என்றான் நித்திலன்.
அவள் அவனையே பார்த்தாள்.
"இன்னொருக்கா" என்றாள்.
இரண்டாவது சொல்.

பகல் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் போகவில்லை.
இருபத்திரண்டு கைகள்
வரிசையில் நின்று லேசாகப் பழகின.
சர்வேஷுக்கு மட்டும் வரவே இல்லை.
அவன் கை தொப்பென்று விழுந்து
ஹேங்கர் கழன்றது.
"எம்பட கையி அதுக்கும் மேலயுங்" என்றபடி
தெய்வாத்தாள் அக்கா
விளக்குமாற்றோடு வந்து பட்டன்களைக் கூட்டினார்.

சாயங்காலம் செல்போனில் மதிப்பீட்டுப் படிவம்.
ரஷ்மிதா நாயக். பொருள்: கை.
கனமானது, லேசானது,
ஏதேனும் ஒன்றில் டிக் செய்க.
இரண்டிலும் செய்தேன்.
ஒன்று மட்டுமே என்று சிவப்பில் வந்தது.
மறுபடி இரண்டிலும் செய்தேன்.

கம்பெனிச் சங்கு ஊதியது.
தெய்வாத்தாள் அக்கா தராசைக் கழற்றி
வலப்பக்கத்து பபிள்கம்மை நகத்தால் சுரண்டப் போனார்.
இருக்கட்டுங்க்கா என்றேன்.
நாளைக்கும் வேணும்.