ரோதைமுனி கலமேறிய கதை

ஹற்றன் பஸ் நிலையத்துக்கு எதிரே மேல்மாடியில்
கதை வாசிக்கும் கூட்டம்.
என் கதையில் விண்கலம் இருந்ததால்
என்னைக் கடைசியில் வைத்தார்கள்.

"தங்கச்சி, மலையகக் கதைன்னா
அட்டை வேணும், ரத்தம் வேணும்"
பிளேன்டீயை ஊதி ஊதிச் சொன்னார் தலைவர்.

அட்டை இருக்கிறது ஐயா, நாலாம் பக்கத்தில்.
எடையற்ற வெளியில் மிதந்தபடி
மேல் எது கீழ் எது தெரியாமல்
ஒரு கணுக்காலைத் தேடித் தவிக்கிறது.

யாரோ சிரித்தார்கள். வாசித்தேன்.

கலமென்றால் வேறொன்றுமில்லை,
எங்கள் இருபது காம்பரா லயம்தான்.
முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே கூரை.
ஒரு காம்பராவில் இருமினால்
இருபதிலும் தூக்கம் கலையும்.
அவ்வளவு இருட்டில் போகிறவர்களுக்கு
சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் இருப்பது
கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாமா?

எஞ்சின் அறையில் ரோதைமுனி.
ஃபெக்டரிச் சக்கரத்துக்குக் காவலிருந்தவர்
சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு
"இது நிலாவுக்கே காணாது" என்றார்.
இன்னுமொரு சேவல் கொடுத்தோம்.

அங்கே விடியலில்லை, பிரட்டுத் தப்பு இல்லை.
பழக்கத்தில் எழும்பியவர்கள்
கூடையில்லாத முதுகை என்ன செய்வதென்று
விளங்காமல் நின்றார்கள்.

நூற்றெழுபது வருசம் கழித்து ஒரு கோள்.
இறங்கும் வாசலில் மேசை. மேசையில் படிவம்.
எத்தனை கண்ணென்று எண்ண முடியாத ஒருத்தி
முதல் கட்டத்தைத் தொட்டுக் கேட்கிறாள்:
பூர்வீகம்?

என் பேனா இந்த இடத்தில்
மூன்று மாதம் நின்றது.
கடலுக்கு அந்தப்பக்கத்தை எழுதுவதா,
பெயர் பதிந்த தோட்டத்தின் நம்பரையா,
மஸ்கெலியாவில் தண்ணி வத்தினால் மட்டும்
தலைகாட்டும் கோயிலையா?

கடைசியில் சந்தனமேரி
படிவத்தைத் திருப்பி அவளிடமே நீட்டினாள்.
"மொதல்ல நீங்க சொல்லுங்க,
இந்த மண்ணுல முன்னமே இருக்கிறது யாரு?
அவங்ககிட்ட கேட்டுட்டு எறங்குறோம்."

அந்தக் கண்கள் ஒவ்வொன்றாய்
மூடித் திறந்தன. அது முடியவே
நெடுநேரமானது.

"பிறகு? முடிவு எங்க?" என்றார் தலைவர்.
இன்னும் பதில் வரவில்லை ஐயா.
எல்லாரும் கலத்தில்தான் இருக்கிறார்கள்.
முனி அடுத்த சுருட்டைப் பற்றவைத்துவிட்டார்.

கீழே பொகவந்தலாவ பஸ் ஹோர்ன் அடித்தது.
தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.
படியில் ஒரு பையன் கூடவே இறங்கி வந்தான்,
யூனிபோர்ம் சப்பாத்தெல்லாம் சேறு:

"அக்கா,
அந்த அட்டைக்குக் கால் கெடச்சிச்சா?"