ஒன்பது பத்துக்கு எழுந்து போகிறவர்

முதல் கச்சேரிக்குப் பதினொரு பேர்.
அதில் நாலு பேர் கொத்து ரொட்டிக்கு வந்தவர்கள்.
பெண்டில் ஹில்லில் அந்தக் கடை மூலையில்
கிட்டாரின் கழுத்தை ஒவ்வொரு தட்டுக்கும்
விலக்கி விலக்கிப் பாடினேன்.
உள்ளே கொத்துகிற சத்தம்
என் தாளத்தைவிட நேராக இருந்தது.
மூன்றாவது பாட்டில் நானே அதோடு சேர்ந்துகொண்டேன்.
யாரோ சிரித்தார்கள்.
அதைத்தான் முதல் கைதட்டு என்று வைத்திருக்கிறேன்.

அன்றிரவு நூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.
வந்தவர்களின் பெயர்,
பக்கத்தில் அவர்கள் தாமாகச் சொன்னது மட்டும்.

மதனரூபி: இரண்டாம் பாட்டில் எழுந்து வெளியே போனார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். கேட்கவில்லை.
அபிஷன்: டிரம்ஸ் அடிப்பானாம், கார் ஸ்டியரிங்கில்.
பிளாக்டவுன் பல் வைத்தியர்:
"தமிழில இப்பிடியும் பாடலாமோ?"
புகழா புகாரா, இன்றுவரை தெரியாது.
கேதாரநாதன்: கடைசி வரிசை, கதவோரம்.
ஒன்பது பத்துக்குப் போய்விடுகிறார்.

ஒருமுறை என் நாற்பது நொடியை
இருபதாயிரம் பேர் பார்த்தார்கள்.
மச்சான் கேக் வாங்கி வந்தான்,
இனி நீ வேற லெவல் என்றான்.
அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் பத்தொன்பது பேர்.
பதினெட்டுப் பேர் கொப்பியில் இருந்தவர்கள்.
மிச்சம் ஒருவர் யோகா வகுப்பென்று நினைத்து
பாயோடு வந்துவிட்டார்.
பாயை விரித்து அதிலேயே இருந்து கேட்டார்.
எழுதினேன்: பிரெண்டா.

மதனரூபி வீடு மாறியபோது
சலவை இயந்திரத்தின் ஒரு முனை என் கையில்.
மூன்று மாடி, லிஃப்ட் இல்லை.
இதுவும் ஒத்திகைதான் என்றது முதுகு.

ஆனால் கேதாரநாதன்.
மூன்று வருடம், ஒரு கச்சேரி தவறவில்லை,
ஒரு கச்சேரியும் முடியும்வரை இருந்ததில்லை.
கடைசிப் பாட்டில் என்ன பிழை?
பல்லவியை இரண்டு தரம் மாற்றினேன்,
சுருதியைக் குறைத்தேன்,
நடுவில் இருந்த நீண்ட கிட்டார் தனியை
மனமில்லாமல் வெட்டி எறிந்தேன்.
ஒன்பது பத்து. கதவு மெல்லச் சாத்தப்படும்.
சத்தம் வராமல் அதைப் பிடித்துச் சாத்துகிற
அவர் கையைப் பார்த்தபடியே
எத்தனை சனிக்கிழமை பாடியிருப்பேன்.

அபிஷன்தான் சொன்னான், பேச்சுவாக்கில்:
"அவருக்கு ஈஸ்டர்ன் கிரீக்கில வேலை.
வேர்ஹவுஸ். பத்து மணிக்கு நைட் ஷிஃப்ட்."

வெட்டிய தனியைத் திரும்ப ஒட்டினேன்.

ஜூலை. வாயைத் திறந்தால் புகை வருகிற சனிக்கிழமை.
அறுபத்திரண்டு நாற்காலி.
யாரிடமும் காரணம் சொல்லாமல்
கடைசிப் பாட்டை முதலில் வைத்தேன்.
கதவோர நாற்காலி வெறுமை.
அதைப் பார்த்தே பாடினேன்,
தனியை வழக்கத்தைவிட நீட்டியும் வாசித்தேன்,
வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று.

எல்லாம் முடியப்போகிற நேரம் வந்தார்.
இஸ்திரி போட்ட சட்டை. கூடவே மனைவி,
மருந்தகப் பெயரட்டையைக்கூட இன்னும் கழற்றாமல்.
நான் வழக்கமாய்த் தொடங்குகிற பாட்டின்
கடைசி அடியை இருவரும் நின்றபடி கேட்டார்கள்.

"இண்டைக்கு லீவு போட்டன்" என்றார்.
"இவவுக்கு ஒன்பதுக்குத்தான் வேலை முடியும்.
கடைசிப் பாட்டுக்காவது வருவமெண்டு
ஏத்திக்கொண்டு ஓடியந்தன்.
இதுதானே கடைசி?
இத நான் முந்தியே கேட்ட மாதிரி இருக்கு."

மண்டபச் சாவி வைத்திருந்தவர்
விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்.

கார் நிறுத்துமிடம். டிக்கியைத் திறந்தேன்.
பிரெண்டா பாயைக் கீழே போட்டுக் கொடுத்தாள்,
அவர் மனைவி காலணியைக் கழற்றிவிட்டு அதில் அமர்ந்தார்.
குளிரில் இரண்டு கம்பி இறங்கிப் போயிருந்தது.
விறைத்த விரலால் முறுக்கினேன்,
அறுந்துவிடுமோ என்று பயந்து பயந்து.

"ஆறுதலா" என்றார் கேதாரநாதன்.
கையைப் பொக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு
கார்க் கதவில் சாய்ந்து நின்றார்,
மணி பார்க்காமல்.