இரண்டு புள்ளி ஒன்று

விடிகாலை மூன்றரைக்குப் பிப்பார் விழுந்தாள்.
அடுப்படிப் பலகையை நகங்கள் பிறாண்ட
நீந்துகிறவள் போலக் கால்களை அடித்துக்கொண்டு.
தண்ணீரே ஆகாது அவளுக்கு.
நான் படகில் எஞ்சின் பார்த்த கடைசி ஆறு வருடமும்
துறையிலேயே உட்கார்ந்து காத்திருந்தவள்.

பல்லுக்கு நடுவே விரலை விடாதீர்கள் என்று
கெர்ஸ்தி டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வருவதற்குள்
மாரிக்கா தேன் ஜாடியோடு மண்டியிட்டிருந்தாள்.
உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தாள்,
ஜன்னல் துடைப்பவள் போல, பதறாமல்.
சதுப்புநிலப் பூவின் தேன். கறுப்பு. கொஞ்சம் கசக்கும்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
என் லான்செட்டால் அவள் காது மடலில் குத்தி
என் மீட்டரில் ஒரு சொட்டு.
இரண்டு புள்ளி ஒன்று.
எண்ணெய் அழுத்தம் இப்படி இறங்கினால்
எஞ்சினை நிறுத்திவிடுவோம்.
இங்கே எதை நிறுத்த?

என் கணையம் கஞ்சப்பயல்.
அவளுடையது ஊதாரி.
பட்டாணி அளவு கட்டி ஒன்று அதில் உட்கார்ந்து
இன்சுலினை வாரி இறைக்கிறது.
குளிர்பெட்டிக் கதவில் எனக்கென்று எண்ணி வைத்திருப்பதை
இவள் உடம்பு இனாமாகக் கொட்டுகிறது.
கைமாற்று வாங்க வழியில்லை.

காலையும் மாலையும் பாதி ப்ரெட்னிசோலோன்,
ஈரல் பசையில் பொதித்து.
மாத்திரையைத் துப்பிவிட்டு ஈரலைத் தின்னக் கற்றிருக்கிறாள்.
உள்ளே போய்விட்டாலோ அப்படி ஒரு தாகம்.
இரவில் இரண்டு தடவை
நாங்கள் இருவரும் பனியில் நிற்கிறோம்,
ஆளுக்கொரு மூலை.

அது போதாது, டயசாக்சைடு வேண்டும் என்றார் டாக்டர்.
ஜெர்மனியிலிருந்து வர வேண்டும்.
விலையைக் கேட்டு மாரிக்கா வாய் திறக்கவில்லை.
வீட்டுக்கு வந்து
மீன்படகின் மோட்டாரை விற்றாள். என் மோட்டார்.
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்,
அதனால்தான் கேட்கவில்லை.

பெட்டி மூன்று நாளாக அக்கரையில், ரோகுகூலாவில் கிடக்கிறது.
காற்று தணியவில்லை. ஹீயுமா தீவுக்குப் படகு இல்லை.
கப்பல்காரர்களை வாழ்நாளில் முதன்முறையாகத் திட்டினேன்,
முப்பது வருடம் நானே அந்தக் கப்பல்காரன்.

உதறல் நின்றது.
பிப்பார் ஈறை நக்கினாள், எங்களைப் பார்க்கவில்லை,
ஜாடியைப் பார்த்தாள்.
மாரிக்கா ஓட்ஸ் கஞ்சியில் முட்டை உடைத்து ஊற்றினாள்.
கால்மணி கழித்து மூன்று புள்ளி எட்டு.
கையோடு என் விரலையும் குத்திக்கொண்டேன்.
பதினான்கு.

இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள் மாரிக்கா.
கரண்டியில் தேன் மிச்சமிருந்தது.
பிப்பாருக்கு நீட்டவில்லை.
எனக்கும் நீட்டவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பி நின்று
தானே நக்கித் தீர்த்தாள்.