கோது

வாழைச்சேனைச் சந்தையின் பின்பக்கம்,
இறால் உடைக்கிற மேசைக்கடியில்
நான் கேட்டது கோது.
"காகமும் யோசிச்சுத்தான் தின்னும் கா,
நீ காசு தாறாய்" என்று சிரித்தாள் கமலேஸ்வரி.
கிலோ இருபது ரூபா.
எட்டுக் கிலோ, இரண்டு உரப்பை.
வந்தாறுமூலை வரை பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை வெறுமையாகவே வந்தது.

அமிலத்தில் போட்டதும் நுரைத்தது,
சோடாப் போத்தல் திறந்தாற்போல.
சுண்ணாம்பு போக மிஞ்சியது
நகத்தைவிட மெல்லிய சவ்வு.
பிறகு காரம், பிறகு கொதி,
பிறகு கழுவு, கழுவு, கழுவு.
குழாய் நின்ற செவ்வாய்க்கிழமை
வாளியோடு விடுதிக் கிணற்றுக்குப் போனேன்.
கடைசியில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய
வெள்ளைத் தூள்.
வினாகிரியில் கரைத்தால் கூழ்.
கண்ணாடியில் ஊற்றிக் காயவிட்டால்
லஞ்ச்சீற் மாதிரி ஒரு படலம்.

தூளுக்குப் பெயர் கைற்றோசான்.
அதற்கு நேரேற்றம், கிருமியின் சுவருக்கு மறையேற்றம்.
ஒட்டினால் விடாதாம்.
சுவர் கிழிந்து
உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடுமாம்.
என் தட்டுகளில் மூன்று கிழமை
ஒன்றும் ஒழுகவில்லை.
கிருமிகள் படலத்தின் மேலேயே குடியேறின.
நிரஞ்சினி மிஸ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து
"கொதி காணாது" என்றார். அவ்வளவுதான்.

மறுபடி கோதுக்குப் போனபோது
கமலேஸ்வரியின் பெருவிரல்
பழுத்த ஜம்பு மாதிரி.
இறாலின் தலைமுள் ஏறியதாம்.
அந்த முள்ளும் என் உரப்பையில்தான்
இருந்திருக்கும்.
பஞ்சுக்குச்சியில் சீழை ஒற்றியெடுத்தேன்.
"கொண்டுபோய் வளக்கப்போறியா?"
"ஓம் கா."
"நல்ல தீன் போடு."

ஏகாரில் வளர்ந்தது, மஞ்சள் மஞ்சளாய்,
அவள் பெயரின் முதலெழுத்தும் திகதியும் எழுதிய தட்டில்.
நடுவே புதுப் படலத்தில் வெட்டிய சிறு வட்டம்.
காலையில் இன்கியுபேற்றரைத் திறந்தேன்.
வட்டத்தைச் சுற்றி
ஒன்றும் முளைக்காத ஒரு வளையம்.
அடிமட்டம் வைத்தேன்: பதினான்கு மில்லிமீற்றர்.
திரும்பவும் வைத்தேன்: பதின்மூன்றரை.
பதின்மூன்றரை என்றே எழுதினேன்.

போனில் படம் காட்டினேன்.
ஆசுப்பத்திரிக் குளிசையில்
விரல் ஏற்கெனவே வற்றியிருந்தது.
"மனிசருக்குப் பூச இன்னும் அனுமதியில்லை,
வருசக்கணக்காகும்" என்றேன்.
அதே விரலால் படத்தைப் பெருப்பித்தாள்.
"இந்த வெறும் இடமா?"
"அதுதான்."
"என்ட மோதிரத்தவிடச் சின்னன்."
பிறகு ஒரு இறாலை எடுத்துத்
தலையைத் திருகினாள்.
"அப்ப கோது இனி முப்பது."