நூற்றி இருபத்தெட்டு

படகுப் பாய் இன்னும் தைக்கப்படவே இல்லை.
அதற்குள் ஒத்தாவியோ க்ராவோஸுக்குத்
தன் சேவல் அதில் நிற்பதைப் பார்த்தாக வேண்டும்.
காப்பிக்கொட்டை வறுப்பவர்.
பொட்டலம்தோறும் நிற்கிற அதே சிவப்புச் சேவல்
அக்டோபர் பந்தயத்தில், திரியெஸ்தே வளைகுடாவில்,
முப்பதடி உயரத்தில்.
"வெள்ளிக்கிழமை காலை, நெரினா."
இன்று வியாழன். மணி பதினொன்றேகால்.

போன வருடத்துப் படம் ஒன்று கையில் இருந்தது:
யாருடையதோ ஒரு வெள்ளைப் பாய்,
காற்றை வாங்கி வயிறு உப்பி.
காற்றைப் படம் பிடிக்க முடியாது,
அது துணியில் விட்டுப்போன மேடுபள்ளத்தைத்தான்.
நிறத்தை உறிஞ்சிவிட்டால்
மிச்சமிருக்கிற கறுப்புவெள்ளைதான் மேப்:
எந்தப் புள்ளி எவ்வளவு நகர வேண்டும் என்று
சேவலுக்குச் சொல்கிற கோப்பு.

சொல்லவில்லை.

முதலில் கோப்பே அகப்படவில்லை.
டெஸ்க்டாப்பில் இருக்கிறது,
ஃபில்டர் திறக்கிற ஜன்னலில் இல்லை.
அரைமணி நேரம் கணினியை வைத பிறகு தெரிந்தது,
ஜேபெக்காகச் சேமித்திருக்கிறேன்.
அந்த வாசலில் பி.எஸ்.டி. தவிர
வேறு யாருக்கும் அனுமதியில்லை.

அனுமதி வாங்கி உள்ளே போனால்
சேவலின் விளிம்பெல்லாம் ரம்பம்.
துணியின் ஒவ்வொரு இழையையும்
மலையென்று நம்பி ஏறி இறங்கியிருக்கிறது.
மேப்பை மங்கலாக்கினேன், ஆறு பிக்செல் ப்ளர்.
கூர்ந்து பார்க்காவிட்டால்தான் சில வடிவம் பிடிபடும்.
என் கண் மருத்துவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ரம்பம் போனது. இப்போது இரண்டு கொண்டை.

சேவல் லேயரின் கண்ணை மூடாமலே
மேப்பைச் சேமித்துத் தொலைத்திருக்கிறேன்.
பாயின் மடிப்பில் இல்லை,
தன் உருவத்திலேயே
தடுக்கி விழுந்திருக்கிறது பறவை.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
மேல்வீட்டுத் திருமதி பெர்தோத்
துடைப்பக் கட்டையால் தரையை இடித்தாள்.

கண்ணை மூடி, மறுபடி சேமித்து, மறுபடி ஓட்டினேன்.
வளைவு சரி. மடிப்பு சரி.
கழுத்துகூட அழகாக ஒசிந்திருந்தது.
ஆனால் சேவல் மொத்தமாக
இடப்பக்கம் மேலேறி
பாயை விட்டுப் பறக்கப் பார்த்தது.
அளவைக் குறைத்தேன். பத்து, ஆறு, மூன்று.
நகர்வு குறைந்தது, கூடவே காற்றும் செத்தது.

மணி ஒன்றரை.
கார்ஸ்ட் மேட்டிலிருந்து போரா இறங்கியிருந்தது.
தெருவில் ஒரு ஸ்கூட்டர் விழுந்தது,
அது இடித்து அடுத்தது,
அது இடித்து அடுத்தது.
ஹிஸ்டோகிராமைத் திறந்தேன்.
எல்லாம் வலப்பக்கச் சுவரோடு குவிந்து கிடந்தது,
சராசரி இருநூற்றுப் பதினொன்று.

பாய் வெள்ளை. அவ்வளவுதான் கோளாறு.
இந்தக் கணக்கில் வெள்ளை ஒரு பக்கம் தள்ளும்,
கறுப்பு எதிர்ப்பக்கம் தள்ளும்,
நூற்றி இருபத்தெட்டு மட்டும்
யாரையும் தொடாது.
காற்றே வராத இடத்துக்கு ஒரு நிறம் உண்டென்றால்
இந்தச் சாம்பல்தான்,
மழைக்கு முந்தைய துறைமுகம் போல.
நானோ இத்தனை நேரம்
வெள்ளையைப் போய் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

லெவல்ஸின் நடு முக்கோணத்தை
வலப்பக்கம் நகர்த்த நகர்த்தப் பாய் இருண்டது.
நூற்றெண்பது. நூற்றைம்பது. போதும், இன்னும் கொஞ்சம்.
சேவல் இறங்கி வந்து நின்றது.
மார்பில் காற்று.
வாலின் சிவப்பு ஒரு மடிப்புக்குள் போய்
மறுபக்கம் வந்தது.
நாற்காலியைப் பின்னால் தள்ளி
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை எட்டரைக்குப் பதில்:
"பாய் அருமை. சேவலை யார் வளைத்தது?
நேரான சேவலுக்குத்தானே பணம் கொடுத்தேன்?"
பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள்,
இவர் வளர்த்த சேவலுக்கு முதுகெலும்பில் இரும்புக்கம்பி.
ஃபில்டரை எடுத்துவிட்டு
ஸ்டிக்கர் ஒட்டியது போல் ஒன்று அனுப்பினேன்.
"இது! இதுதான்!"

அக்டோபரில் கரைக்குப் போனேன்.
அவர் முன்வரிசையில், கைபேசியை உயர்த்தி,
தெரியாதவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு.
வளைகுடாவில் அவருடைய பாய் காற்றை வாங்கியது.
அலகு ஒரு மடிப்புக்குள் போனது,
நான் பார்த்தவரை வெளியே வரவில்லை.
கொண்டை முதுகில் கிடந்தது.
கண்ணைச் சுருக்கித் தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன்:
அளவு எப்படியும்
நாற்பதுக்குக் குறையாது.