ரசீது

செரி ரோட்டில் அந்தக் கடைக்கு
மூன்று முறை போனேன்.
முதல் முறை கலெக்டர் ஆபீஸ் தாளைக் காட்ட.
அடுத்த முறை விலை கேட்டுத் திரும்ப.
மூன்றாம் முறை
மிளகு விற்ற பணம் இடுப்பில் இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தேவசகாயம்
எதற்கு என்று கேட்டார்.
கரடிக்கு என்றேன்.
பேனாவை மூடி வைத்தார்.

இரட்டைக் குழலை எடுத்து நீட்டினார்.
தோளில் வைத்துப் பார்த்தேன்.
நல்ல கனம், நியாயமான கனம்.
ஆனால் மஞ்சக்குட்டைக்கு மேலே
என் நாலு ஏக்கர் சரிவை அவர் பார்த்ததில்லை.
ஒரு கை ஏணியில், ஒரு கை கொடியில்
மிளகு பறிக்கிறவளுக்குத் துப்பாக்கி எங்கே இருக்கும்?
சில்வர் ஓக்கில் சாய்த்து வைத்தது
சில்வர் ஓக்கைத்தான் காக்கும்.

இடுப்பில் நிற்பது வேண்டும் என்றேன்.
முப்பத்திரண்டு ரிவால்வர் வந்தது.
"கரடிக்கு இது கொசுக்கடிம்மா."
சத்தம் வருமா?
"சத்தம் வரும்."
அது போதும்.
செத்த கரடிக்கு ஃபாரஸ்ட்காரர்களிடம்
நான்தானே பதில் சொல்லவேண்டும்.

கையெழுத்துப் போடும்போது
நாகலூர் கரியராமன் நினைப்பு.
அவன் கையில் வீச்சரிவாள் இருந்தது.
அரிவாள் எட்டுகிற தூரம்
நகமும் எட்டுகிற தூரம்.
தலையில் துண்டு கட்டாமல் இப்போது அவன் வெளியே வருவதில்லை.
பஸ்ஸில் அவனுக்கு வலப்பக்கம்
பிள்ளைகள் உட்காராது.

ஒரு மாதம் பழகினேன்,
குண்டு போடாமல்.
உருவினால் முந்தானை சிக்கும்.
சேலைக்கு மேல் காக்கிச் சட்டை,
சட்டைக்கு மேல் பெல்ட்,
இடப்பக்கம் கொடுவாள், வலப்பக்கம் இது.
காப்பி பறிக்க வந்த பெண்கள்
'ஏட்டம்மா' என்றார்கள்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

பலா பழுத்தது.
தேர்தலும் பழுத்தது.
லைசென்ஸ் ஆயுதமெல்லாம் ஒப்படைக்கவேண்டுமாம்.
ஏற்காடு ஸ்டேஷனில் வரிசை,
எஸ்டேட்காரர்கள், எண்ணெய் வாசம்.
என் ரிவால்வருக்கு நூல் கட்டிச் சீட்டு ஒட்டி
பீரோவில் வைத்தார் நிஜ ஏட்டு.
"ஓட்டு எண்ணி முடிச்சதும் வாங்க."
கரடிக்குச் சொல்லியாச்சா என்றேன்.
வரிசை முழுக்கச் சிரித்தது.

ஒன்பதாம் நாள், பொழுது சாய்கிற நேரம்.
பாறைக்குக் கீழே பலாமரம்.
முதலில் வாசம்:
கனிந்த சுளையும் நனைந்த கம்பளியும்.
அப்புறம் சத்தம்,
சூட்டுக் காப்பியை யாரோ
உறிஞ்சிக் குடிப்பதுபோல.
அப்புறம் அது நிமிர்ந்தது.
நெஞ்சில் வெளுத்த லாடம்.

நான் சொல்லாமலே
வலக்கை இடுப்புக்குப் போனது.
உறை இருந்தது.
உறைக்குள் நாலாய் மடித்த தாள்.

பழகிய பழக்கத்தில் குறையில்லை.
உருவிவிட்டேன்.
நீட்டியும்விட்டேன்.
கரடிக்கும் எனக்கும் நடுவே
ரப்பர் ஸ்டாம்பு குத்திய காகிதம் ஒன்று
படபடத்து நின்றது.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.
கீழ்ப்பாத்தியில் இருந்த பூங்காவனம் சொல்கிறாள்,
ஏட்டையாவின் அப்பா வரைக்கும் திட்டினேனாம்.
அது தலையைச் சாய்த்து,
படிக்கத் தெரியாதவர் மனுவைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் பார்த்தது.
நாலு காலில் இறங்கியது.
மூக்கில் பலாப்பாலோடு
அவசரமில்லாமல் பாறைக்குப் பின்னால் போனது.

ஓட்டு எண்ணிய மறுநாள்
தாளை நீட்டினேன்.
"என்னம்மா, இப்படிக் கசங்கியிருக்கு?"
வேர்வை என்றேன்.

ரிவால்வரை வாங்கி
அதே வலப்பக்கம் செருகிக்கொண்டேன்.
இந்தக் கதையைச் சந்தையில் சொன்னேன்,
டீக்கடையில் சொன்னேன்,
சேலம் போய் தேவசகாயத்திடமும் சொன்னேன்.
பஸ்ஸில் கரியராமன் பக்கத்தில்
வலப்பக்கமாகவே உட்கார்ந்து வந்தேன்.
நாகலூர் வரைக்கும்
மழையைப் பற்றித்தான் பேசினேன்.